தளம் இல்லாத கதவு

காலை ட்ரிப்பை முடித்து மஞ்சள் பஸ்ஸைக் கொட்டகையில் விட்ட கையோடு மார்லிஸ் கெம்பைனென் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தீயணைப்பு வண்டி நிற்கும் கூடத்தின் ஓரத்தில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறை, செவ்வாயும் வியாழனும் மட்டும் திறந்திருக்கும். கட்டட அனுமதி கொடுக்கும் டாரல் ஓயாலா உள்ளே உட்கார்ந்து, பொட்டலம் பிரித்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டியைத் தின்றுகொண்டிருந்தான். மற்ற நாட்களில் அவன் கூரை போடுகிறவன். பள்ளிக்கூடம் போன காலத்தில் மார்லிஸின் பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார வைக்கப்பட்டவன். சேட்டைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய இடம் அது என்பது ஊருக்கே தெரியும்.

"என்னடா டாரல், காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?"

"வாங்க மார்லிஸ். என்ன விஷயம்? எவனாவது சீட்டைக் கிழிச்சிட்டானா?"

"கிழிச்சவன் நீதான். அதைத்தான் இன்னும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன். வீட்டை ஒட்டி மரத்துல டெக் ஒண்ணு கட்டணும். பர்மிட் குடு."

டாரல் மெல்லுவதை நிறுத்தினான். அந்த ஊரில் அனுமதி கேட்டு வருகிறவர்கள் ஏரிக்கரையில் கோடைவீடு வாங்கிய வெளியூர்க்காரர்கள்தான். ஊர்க்காரர்கள் முதலில் கட்டிவிடுவார்கள். யாராவது கேட்டால், "அது எங்கப்பா காலத்துலேருந்து இருக்கே" என்பார்கள். மரம் இன்னும் கடைவாசனை போகாமல் மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். டாரலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

"அந்தக் கதவுக்கா?" என்றான்.

"அந்தக் கதவுக்குத்தான்."

அந்தக் கதவையும் ஊருக்கே தெரியும். மார்லிஸின் வரவேற்பறையில் ஏரியைப் பார்த்த சுவரில், பக்கவாட்டில் நகரும் பெரிய கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தது. அடித்தளம் பாதி தரைக்கு மேலே எழும்பிய வீடு அது. கதவைத் திறந்து காலை வைத்தால் கீழே நாலடிக்குக் காற்றுதான். தள்ளுபடியில் கிடைத்ததென்று மார்லிஸ்தான் வாங்கினாள். கதவை முதலில் மாட்டிவிடுவோம், வருகிற கோடையில் வெளியே மரத்தளம் போட்டுவிடுகிறேன் என்றான் அவள் புருஷன் எல்டன். தற்காலிகமாக, யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, குறுக்கே ஒரு கட்டையை வைத்து ஆணியடித்தான். இருபது வருஷத்துக்குக் கிட்ட அந்தக் கட்டை அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயே விட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் மார்லிஸ் காபியை ஊற்றிக்கொண்டே, "எங்க வீட்ல ரெண்டு வாசல். ஒண்ணு ரோட்டுக்கு, இன்னொண்ணு நேரா மேலோகத்துக்கு. எல்டன் கட்டின படி கண்ணுக்குத் தெரியாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். எல்டனும் சிரிப்பான். கவுண்டி நிர்வாகத்தில் பனி வாரும் லாரி ஓட்டியவன் அவன். மற்றவர் வீட்டு முற்றத்துப் பனியையெல்லாம் சொல்லாமலே வாரிவிட்டுப் போகிற மனுஷன், தன் வீட்டில் நாலு பலகை அடிக்க மாட்டேன் என்கிறானே என்பது அவளுக்கு உள்ளூர ஓர் அவமானமாகவே இருந்தது.

இப்போது அவன் அந்தக் கதவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், மூலையில் ஓயாமல் இரையும் ஆக்ஸிஜன் பெட்டி. முன்வாசலுக்குப் போகச் செருப்பு விடும் குறுகிய அறையில் இரண்டு திருப்பம், அதற்கப்பால் ஏழெட்டுப் படி. ஆம்புலன்ஸ் ஆட்களே அவனை அந்த வழியாக எடுத்துப்போகத் திணறினார்கள். வசந்தத்திலிருந்து அவன்மேல் வெளிக்காற்று பட்டதில்லை. ஜூலையில் ஒருநாள், "வெளிய படுக்கணும்போல இருக்கு" என்றான். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்டது அது ஒன்றுதான். மார்லிஸ் டாக்டரிடம் பேசும்போதெல்லாம் "அடுத்த கோடைக்கு" என்று ஆரம்பிப்பாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே மாத்திரைகளைப் பற்றிப் பேசுவார். அவளுக்குப் புரிந்தது. பனி விழுவதற்குள் தளம் வேண்டும். கட்டிலை அப்படியே உருட்டிக்கொண்டு போய் ஏரியைப் பார்த்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அனுமதியில்லாமலே அடித்திருக்கலாம். ஆனால் கட்டித்தர ஒப்புக்கொண்டது அவள் அக்கா மகன், பிரெண்ட் என்று பெயர். அவன் லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்கிறவன். "சித்தி, பர்மிட் கார்டு ஜன்னல்ல ஒட்டியிருந்தாத்தான் சுத்தியலைத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டான். அக்டோபரில் இரண்டு வாரம் ஒதுக்கியும் வைத்திருந்தான். போதாக்குறைக்கு ரோடு ஏரியோரமாக வளைந்து போனதால் அந்தப் பக்கம் ரோட்டிலிருந்தே தெரியும். டாரலே தினமும் இரண்டு தடவை அந்த ரோட்டில் போகிறவன்.

"எல்லையிலேருந்து பத்தடி தள்ளி இருக்கணும்," என்றான் டாரல். "உங்க எல்லை எது?"

"ஸ்ப்ரூஸ் மர வரிசைதான். அதுக்கு அந்தப் பக்கம் ஆர்னி."

"யார் சொன்னா?"

மார்லிஸ் யோசித்தாள். யாரும் சொன்னதில்லை. மரவரிசை வரைக்கும் எல்டன் புல் வெட்டுவான், அதற்கப்பால் ஆர்னி ருவோனா வெட்டுவான். வேறென்ன சொல்ல வேண்டும்?

"பழைய பண்ணையைத் துண்டு போட்டு வித்த இடம் அது," என்றான் டாரல். "மூலையில இரும்புக் கம்பி புதைச்சிருப்பாங்க. சர்வே பண்ணி, வரைபடத்துல எல்லாத்தையும் காட்டிக் கொண்டாங்க. அன்னைக்கே கார்டு தர்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது எல்டன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சர்வே எதுக்கு? வேணாம்."

"உனக்கென்ன, படுத்துக்கிட்டு வேணாம்னு சொல்லிடுவ. சர்வே இல்லாம பர்மிட் இல்ல, பர்மிட் இல்லாம பிரெண்ட் வர மாட்டான்."

"டெக்கே வேணாம், மார்லிஸ்."

"வெளிய படுக்கணும்னு கேட்டது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?"

அவன் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூச்சு வாங்கியது. சோம்பேறித்தனம் படுக்கையிலும் விடாது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டும் சொன்னாள்.

சர்வே செய்ய வந்தவள் காலில் முழங்கால் பூட்ஸும் கையில் உலோகம் தேடும் கருவியுமாக இருந்தாள். ரோட்டோரக் கம்பி சீக்கிரமே அகப்பட்டது. ஏரிப்பக்கக் கம்பிதான் போக்குக் காட்டியது. மரவரிசை ஓரமாக மேலும் கீழும் நடந்தும் கருவி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் கிளைகளை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஆர்னியின் சவ்னாவை ஒட்டி அடுக்கியிருந்த விறகுக் குவியலுக்கு முன்னால் கருவி கத்தத் தொடங்கியது.

சவ்னா என்பது அந்த ஊரில் குளியலறைக்கும் கோயிலுக்கும் நடுவில் உள்ள ஒரு சமாசாரம். மரக்கொட்டகை, உள்ளே விறகடுப்பு, அதன் மேல் கற்கள். கல்லில் தண்ணீரை ஊற்றி ஆவியில் வெந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆர்னி சனிக்கிழமை தவறாமல் மூட்டுவான். எல்டன் எழுந்து நடந்த காலம்வரை அவனும் போவான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு, செக்கச்செவேலென்று வெளியே வருவார்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். அது உண்மைதான். எல்டன் படுத்த பிறகு ஆர்னி தனியாகக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, அடுப்புக்கல்லில் சுட்ட வளைய சாசேஜை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போவான்.

மார்லிஸும் சேர்ந்து விறகை நகர்த்தினாள். மேல் வரிசைகள் புது விறகு. அடி வரிசை மட்டும் பொடிந்து, பாசி பிடித்து, எத்தனையோ வருஷமாக யாரும் தொடாததாக இருந்தது. அதற்கடியில் துருவேறிய கம்பி. சர்வேக்காரி அதனருகே ஆரஞ்சு நாடா கட்டிய முளையை அடித்து, ரோட்டோரக் கம்பியிலிருந்து நூல் பிடித்தாள். நூல் காட்டிய கோடு சவ்னாவின் உடை மாற்றும் அறையை ஊடுருவிக்கொண்டு போனது.

"நல்ல சேதிதான்," என்றாள் சர்வேக்காரி. "நீங்க நினைச்சதைவிட உங்க நிலம் கூட. டெக் தாராளமா போடலாம். இந்தக் கொட்டகை மட்டும் பாதிக்கு மேல உங்க இடத்துல நிக்குது."

ஆர்னி அன்றைக்கு வீட்டில் இல்லை. மார்லிஸ் விறகைத் திரும்ப அடுக்கிவைத்தாள். ஆனால் முளை குவியலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, நாடாவைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை டாரல் வரைபடத்தை விரித்தான். முகத்தில் ஈயாடவில்லை. சவ்னாவுக்கு அனுமதி கிடையாது. புகைபோக்கியை யாரும் சோதித்ததில்லை. இப்போது அது மார்லிஸின் நிலத்தில் நிற்கும் கட்டடம். விதிமீறல் உள்ள நிலத்தில் புதிதாக ஒன்றுக்கு அனுமதி கொடுக்க முடியாது.

"அந்தத் துண்டை ஆர்னிக்கே எழுதிக் குடுத்துட்டா?"

"குடுக்கலாம். அப்பவும் அது எல்லைக்குப் பத்தடிக்குள்ள நிக்கும். விலக்கு கேட்டு போர்டுக்குப் போகணும். போர்டு இனி பனி உருகினப்புறம்தான் கூடும்."

"இல்லன்னா?"

"பிரிக்கணும். சவ்னாவைப் பிரிச்சிட்டா நாளைக்கே கார்டு." அவன் வரைபடத்தை மடித்தான், மறுபடி பிரித்தான். "நீங்க ஏன் மார்லிஸ் இங்க வந்தீங்க? எல்லாரையும் மாதிரி கட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானா வந்து கேட்டிருக்கப்போறேன்?"

ஊரில் ஒருத்தி ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் கிடைத்த மரியாதை இது. அவள் காரில் ஏறி வீட்டுக்கு விட்டாள்.

வீட்டில் எல்டன் விழித்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. கம்பி விறகுக்கு அடியில் இருந்தது என்று சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

அவன் துண்டு துண்டாகச் சொன்னான். ஆர்னியின் மனைவி செத்த வருஷம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்னி யாரோடும் பேசவில்லை. வசந்தத்தில் திடீரென்று சவ்னா கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். எல்டன் உதவிக்குப் போனான். சுவர் மூன்று பக்கம் எழும்பிவிட்டது. வடிகாலுக்குத் தோண்டும்போது மண்வெட்டி கம்பியில் இடித்தது. ஆர்னி ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

"அந்த விறகை நான்தான் அடுக்கினேன்," என்றான் எல்டன். "அவன் வர்றதுக்குள்ள."

"அதுக்கப்புறம் நான் கதவு வாங்கினேன்."

"ஆமா."

"கவுண்டி சம்பளம் வாங்கறவன் பர்மிட் இல்லாம கட்டக் கூடாதுன்ன. பர்மிட்டும் கேக்கல."

"கேட்டா அளப்பாங்க."

மார்லிஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக அந்த மேலோகத்து வாசல் ஜோக்கைச் சொல்லிச் சொல்லி இவனை எல்லார் முன்னாலும் கேலிப்பொருளாக்கியிருக்கிறாள். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உன் வாயில என்ன கொழுக்கட்டையா? நான் என்ன, மறுநாளே கடப்பாரையைத் தூக்கிட்டுப் போய் அவன் சவ்னாவை இடிச்சிருப்பேனா?"

"உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியில தெரியும். ஆர்னி கண்டுபிடிச்சிடுவான். கண்டுபிடிச்சா அவனே பிரிச்சிடுவான்."

"ஆக, அவனுக்காக என்னை முட்டாளாக்கின."

"உன்னை இல்ல. என்னைத்தான்," என்றான் எல்டன். அதற்குமேல் பேச அவனுக்குக் காற்று இல்லை.

அவள் சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக் கழுவினாள். இரவு அவனுக்குச் சூப்பைக் கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

சனிக்கிழமை ஆர்னி வந்தான். சவ்னாவிலிருந்து புகை எழும்பவில்லை. தலை காய்ந்திருந்தது. கையில் சாசேஜும் இல்லை. ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்தாள். அவன் உட்காராமல் நின்றுகொண்டே குடித்தான். அந்த மனுஷர்கள் எதையும் நேராகச் சொல்லுகிற ரகம் இல்லை. வானிலையைப் பற்றிச் சொன்னான். மான் வேட்டை சீசன் நெருங்கிவிட்டதைச் சொன்னான். கதவின் குறுக்குக் கட்டையைப் பார்த்துக்கொண்டே, "முளை அடிச்சிருக்கே," என்றான். பிறகு, "டாரல் சொன்னான். திங்கக்கிழமை சவ்னாவைப் பிரிச்சிடறேன். பழைய மரம்தான். ஒருநாள் வேலை," என்றான்.

"நீ அதுல ஒரு பலகையைக் கழட்டினா," என்றான் எல்டன் கட்டிலிலிருந்து, "இந்த வீட்டு வாசல்ல கால் வைக்காதே."

"உன் வாசலுக்காகத்தான்டா பிரிக்கறேன்."

"நான் கேட்டேனா?"

"நீ எப்பதான் கேட்டிருக்க?"

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் மார்லிஸைப் பார்த்தார்கள். நிலம் அவள் பெயரிலும்தான் இருந்தது, விண்ணப்பத்தில் கையெழுத்தும் அவளுடையது.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். "இத்தனை வருஷம் ரெண்டு பேரும் என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் எல்லாம் செஞ்சீங்களா?" காபி ஜாடியை மேஜைமேல் டங்கென்று வைத்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஆர்னி கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, எல்லைப் பக்கம் போகாமல், ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அப்படி அவன் சுற்றிப் போய் அவள் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சரி, பிரிக்கட்டுமே என்ற நினைப்பு அவளுக்கு வரத்தான் செய்தது. எல்டனுக்குக் காற்று வேண்டும். ஆர்னிக்கு வேறிடத்தில் சவ்னா எழும்பும். எல்டனுக்கு வேறு இலையுதிர்காலம் வராது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சவ்னா பிரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு எல்டன் அந்தத் தளத்தில் படுத்திருக்க மாட்டான், கண்ணை மூடிக்கொள்வான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு முழுக்க அவள் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். ஆர்னியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திங்கள் காலை, ஏரிக்கரை ரோட்டில் கடைசிப் பண்ணையருகே, குழந்தைகள் ஏறுவதற்காகப் பஸ்ஸை நிறுத்தியிருந்தாள். எதிரே அறுத்த வயலில் வைக்கோல் வண்டி ஒன்று நின்றது. நாலு சக்கரம், மேலே நாலடி உயரத்தில் பலகைத் தட்டு. வெறும் தட்டு. பின்னால் ஒரு பயல், "போகலாமா, மார்லிஸ்?" என்று கத்தும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரிப் முடிந்ததும் டாரலைத் தேடிப் போனாள். அன்று அலுவலகம் கிடையாது. யாரோ வீட்டுக் கூரைமேல் குந்தியிருந்தான்.

"டாரல்! சக்கரம் வச்சதுக்குப் பர்மிட் உண்டா?"

"என்ன சக்கரம்?"

"வைக்கோல் வண்டி. வீட்டோரமா நிறுத்தினா."

டாரல் ஆணியை வாயிலிருந்து எடுத்தான். "சக்கரம் இருந்தா அது கட்டடம் இல்ல," என்றான். "காத்து இறங்காத சக்கரமா இருக்கணும். நாளைக்கு வந்து விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்குங்க. அந்தப் படத்தை நான் இன்னும் கோப்புல வைக்கல, சவ்னாவைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. வசந்தத்துல வேணும்னா பாத்துக்கலாம்."

அவள் அங்கிருந்து நேராக ஆர்னி வீட்டுக்கு விட்டாள். அவன் கடப்பாரையோடு சவ்னாவின் முன்னால் நின்றிருந்தான், இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"அதைக் கீழ போடு," என்றாள் மார்லிஸ். "உன் வைக்கோல் வண்டி எங்க?"

அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டிராக்டரைப் பின்னால் எடுத்து எடுத்து, மூன்று தடவை தப்பி, நாலாவது தடவை வண்டித் தட்டைக் கதவின் வாசற்படிக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தான். பிரெண்ட் வந்தான், சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தான், லைசென்ஸுக்கு ஆபத்தில்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டான். கதவின் குறுக்குக் கட்டையை மார்லிஸ்தான் பெயர்த்தாள். ஆணிகள் முனகிக்கொண்டு வந்தன. அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டு ஆர்னி கீழே இறங்கினான்.

கதவைத் தள்ளியதும் அக்டோபர்க் குளிர் வீட்டுக்குள் ஏறியது. இருக்கிற போர்வையையெல்லாம் எல்டன்மேல் போட்டு, காதுவரை குல்லாயை இழுத்துவிட்டார்கள். ஆக்ஸிஜன் குழாய் பின்னால் நீண்டு வர, கட்டில் வாசற்படியில் ஒரு தடவை இடித்து, வண்டித் தட்டில் உருண்டது. ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஸ்ப்ரூஸ்களுக்கு அப்பால் ஆர்னி மூட்டிவிட்டு வந்த சவ்னாப் புகை, திங்கட்கிழமை என்பதையும் பாராமல் எழும்பிக்கொண்டிருந்தது. எல்டன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். இருமினான். மறுபடி குடித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. குளிரால் இருக்கலாம்.

டாரலின் பிக்கப் ரோட்டில் வந்தது. வேகத்தைக் குறைத்தது. அவன் எட்டி, சக்கரங்களை மட்டும் பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான்.

மார்லிஸ் கதவுக்கு உள்ளேயே நின்றாள். கட்டை இருந்த உயரத்தில் அவள் கை தானாக எதையோ தேடியது.

"வா," என்றான் எல்டன், திரும்பாமலே.

"எனக்குக் கோவம் இன்னும் போகல."

"தெரியும். கோவத்தோடயே வா."

அவள் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு மற்றக் காலையும். வண்டி லேசாக அசைந்தது. அவள் சட்டென்று கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஆர்னி குனிந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தப் பழைய கட்டையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.